சுருட்டைக் கூந்தலும் தீவகத்து நீரும்

கூந்தல் நேராய் விழுந்தாலன்றி அழகில்லை என்னும் எண்ணம் நம் தீவகத்தையும் விட்டுவைக்கவில்லை. கலியாணம் பேசியதும், சுருட்டை முடியுள்ள மகளை யாழ்ப்பாணத்து அழகுநிலையத்துக்கு அழைத்துச் சென்று 'ரீபொண்டிங்' செய்விக்கும் தாய்மாரைக் காண்கிறோம். மூன்றாம் மாதத்தில் உச்சியிலே சுருள் மீண்டும் முளைக்கும்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது? முதலிலேயே அவர்கள் அந்தச் சுருளைக் கண்டிருத்தல் நன்றன்றோ?

மயிரிழை கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் வடிவைத் தாங்குவன கந்தகப் பிணைப்புகள். மருந்து அவற்றை அறுக்கிறது. சூடான இரும்பு இழையை நிமிர்த்துகிறது. பின்னொரு மருந்து பிணைப்புகளை மீண்டும் பொருத்துகிறது. அறுந்தன யாவும் பொருந்துவதில்லை. ஆதலால் இழை நலிகிறது. தோலுக்குள் இருக்கும் வேரோ மாறுவதில்லை. அது தன் இயல்பிலேயே சுருளை அனுப்புகிறது. சுருளும் நேரும் சந்திக்கும் இடத்திலேதான் முடி முறியும். அதைக் கண்டு அஞ்சி மறுபடியும் மருந்திடச் செல்வோரே பலர்.

இத்துன்பத்தை நம்மினும் நெடுங்காலம் பட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். காரமிக்க சோடியம் ஐதரொட்சைட்டு கலந்த களிம்பை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசினர். இயற்கை முடியோடு வேலைக்குச் செல்வதே அங்கு இடராயிருந்தது. அத்தகைய பாகுபாட்டைத் தடுக்கக் கலிபோர்னியா மாநிலம் 2019 இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2022 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 33,497 பெண்களைப் பற்றியது. ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் நேராக்கும் மருந்திட்டோருக்குக் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்கிற்கும் அதிகமாகக் காணப்பட்டது. மருந்தே காரணமென்று அது நிறுவவில்லை. எனினும் அசட்டை செய்யத் தக்கதன்று.

மருந்தைக் கைவிட்டவளுக்கு வேண்டியது பொறுமை. முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்ரிமீற்றரே வளரும். நுனியைச் சிறிது சிறிதாக வெட்டி வரலாம். வெட்ட மனமில்லாதவர் தளர்வாகப் பின்னிக்கொள்ளலாம். பின்னலுக்குள் இருவகை முடியும் அடங்கிவிடும். குறிகட்டுவானில் வள்ளமேறுவோருக்குக் கடற்காற்றினின்றும் அதுவே காப்பு.

நமக்குள்ள தனித்தொல்லை கிணற்று நீர். சுண்ணக்கல் நிலத்து வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெண்ணிறப் பிசுக்காய் முடியில் ஒட்டும். சுருட்டை முடி இயல்பிலேயே வறண்டது. பிசுக்கும் சேர்ந்தால் வைக்கோல்தான். நம் பாட்டிமார் அரப்பு வைத்துத் தோய்ந்தது வெறும் பழக்கத்தாலன்று. சீயாக்காயின் நுரை வன்னீரில் அவ்வாறு திரிவதில்லை. தேசிக்காயின் புளிப்பு சுண்ணப் படிவைக் கரைக்கும். ஆனால் தேசிக்காய்ப்புளியை நிறைய நீர் விட்டே பயன்படுத்துக. நன்கு அலசாமல் வெயிலில் இறங்கினால் தோல் கொப்பளிக்கும்.

தோய்வதற்கு முன்னிரவே தேங்காயெண்ணெய் பூசுதல் நலம். அது இழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைப்பதை 2003 இல் மும்பை ஆய்வாளர் காட்டினர். நல்லெண்ணெய்ப் பற்றுள்ள நம்மவர் கோபிக்க வேண்டாம். முழுக்குக்கு அது இருக்கட்டும்.

முடியை உலர்ந்தபின் சீவலாகாது. ஈரத்தோடு, எண்ணெய்ப் பசை சிறிதிருக்கையில், பல்லகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேனோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துவாயால் தேய்க்காமல், பழைய பருத்தி வேட்டியொன்றால் ஒற்றி நிழலில் உலரவிடுக.