ஓய்வையும் படைத்தவன்

ஐப்பசி பிறந்தால் நமக்கு அடைமழைக் காலம். அதே நாட்களில் இமயத்தின் குமாவுன் மலைகளில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். மாதக்கணக்கில் கொட்டிய தென்மேற்குப் பருவமழை, காற்றில் மிதந்த தூசியையெல்லாம் கழுவி இறக்கிவிட்டு விலகியிருக்கும். சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கும் கௌசானியில் நின்று வடக்கே பார்த்தால் 7,120 மீட்டர் திரிசூல் சிகரமும் 7,816 மீட்டர் நந்தாதேவியும் பனி மின்ன எழுந்து நிற்கின்றன. கோடையில் புகைமூட்டமும் ஆடி ஆவணியில் மேகமும் மறைத்து வைத்திருந்த மலைகள் இவை.

1929ஆம் ஆண்டு காந்தியடிகள் இந்தக் கௌசானியில் தங்கியிருந்தபோதுதான், தம் கீதை மொழிபெயர்ப்பான ‘அனாசக்தி யோக’த்துக்கு முன்னுரை எழுதினார். அவர் தங்கிய இடம் இன்று அனாசக்தி ஆசிரமம். அலைந்து களைத்த உடம்புகள் அன்றுபோலவே இன்றும் இந்த மலைகளைத் தேடி வருகின்றன. அப்படி வருகிறவர்களுக்காக இந்த வட்டாரத்தில் இலையுதிர்காலத்தில் யோக முகாம்கள் நடக்கின்றன. சிலவற்றில் கற்றுத்தருவது ஓய்வு யோகம் மட்டுமே.

வியர்க்க வியர்க்க ஆசனம் போடலாம் என்று வருகிறவருக்கு முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும். சுப்த பத்த கோணாசனத்தையே எடுத்துக்கொள்வோம். நீளமான திண்டு ஒன்றை முதுகெலும்பின் போக்கில் வைத்து அதன்மேல் மல்லாந்து சாய வேண்டும். உள்ளங்கால்கள் இரண்டும் ஒட்டியிருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். அந்தரத்தில் நிற்கும் தொடைகளுக்கு அடியில் மடித்த கம்பளி, தலைக்கு ஒரு கம்பளி, கண்மேல் ஒரு துணி. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் செய்வதற்கு எதுவும் இல்லை. கம்பளி ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் தொடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உயரம் சரியாக அமைந்துவிட்டால் முதலில் தாடை தளரும், அப்புறம் தோள், எல்லாவற்றுக்கும் கடைசியாக வயிறு.

திண்டும் கம்பளியும் நாற்காலியும் கயிறும் கொண்டு ஆசனத்தைத் தாங்கிப் பிடிக்கும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918இல் பிறந்த அவர் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று படாத பாடு பட்டவர். தம் அக்காள் கணவரும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் யோகம் கற்றார். ஐயங்காரிடம் பயின்ற அமெரிக்கர் ஜூடித் லாசட்டர் ஓய்வு ஆசனங்களைத் தனி முறையாகவே உலகெங்கும் கொண்டுசென்றார். நோயோடு வளர்ந்த உடம்புதான் பிறர் நோவை அறியும் என்று நான் நம்புகிறேன். திண்டு பிறந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர்கள் புதிதாக எதையும் உடம்புக்குள் வைத்துவிடவில்லை. அதற்குள் ஓய்வை வைத்தவன் வேறு ஒருவன். கருவில் துடிக்கத் தொடங்கிய நாள் முதல் ஓயாமல் உழைக்கிறது என்று நாம் சொல்லும் இதயத்தையே பாருங்கள். நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் கீழறைகள் சுருங்கி ரத்தத்தை வெளியேற்றுவது ஏறத்தாழ 0.3 வினாடிதான். மீதி 0.5 வினாடியும் அவை தளர்ந்திருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 15 மணி நேரம் ஓய்வு! அதைவிட என்னைக் கைகூப்ப வைப்பது இன்னொன்று. உடம்பு முழுமைக்கும் ரத்தம் அனுப்பும் இடது கீழறையின் தசை, தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியைப் பெறுவது தளரும் அந்த நேரத்தில்தான். சுருங்கும்போது தன் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தளர்ந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

மூச்சை நிதானமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறையும்போது பெரும்பாலும் நீள்வது சுருங்கும் நேரமல்ல, தளரும் நேரம். திண்டின்மேல் கண்மூடிக் கிடப்பவர் சும்மா கிடப்பதாக நினைக்கிறார். அங்கே ஒரு பந்தி நடக்கிறது.

மலைக்கு வந்த புதிதில் மூச்சு கொஞ்சம் வாங்கும். கௌசானி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதைக் கண்டுகொண்டு சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரப்பது சிறுநீரகம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு?

வெளியே அக்ரூட் மரங்கள், வால்நட் என்று நாம் கடையில் வாங்குகிறோமே அவை, மஞ்சளாகி இலையுதிர்க்கின்றன. பகல் குறுகியதும் மரம் இலையின் பச்சையத்தைச் சிதைத்து, இலைப் புரதங்களிலுள்ள நைட்ரஜனைக் கிளைக்கும் பட்டைக்கும் திருப்பிக்கொள்கிறது. இலையில் முன்பே இருந்து பச்சைக்குள் மறைந்துகிடந்த மஞ்சள் அப்போதுதான் வெளிப்படுகிறது. காம்படியில் தக்கைபோல் ஓர் அடுக்கு வளர்ந்து காயத்தை முன்கூட்டியே மூடிவிட, இலை விழுகிறது. ஒரு கிளையை வளைத்து உற்றுப் பாருங்கள். இலை இருந்த இடத்தில் மூன்று மடல் கொண்ட வடு. ஒவ்வொரு மடலிலும் நீர் ஓடிய குழாய்கள் அறுந்த சிறு புள்ளிகள். வடுவுக்கு நேர் மேலே, கெட்டியாக மூடிய மொட்டு. அடுத்த வசந்தத்தின் தளிர் அதற்குள் இருக்கிறது. இலை விழுவதற்கு முன்பே அது அங்கே வைக்கப்பட்டுவிட்டது.

எல்லா மரமும் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிட்டால் தேனீ என்ன செய்யும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. மலைக்காரர்கள் பய்யா என்று போற்றும் இமயத்துக் காட்டுச் செர்ரி, மற்ற செர்ரிகள் பூக்கும் வசந்தத்தை விட்டுவிட்டு அக்டோபர், நவம்பரில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்குகிறது. குமாவுனின் பழைய வீடுகளில் கற்சுவரிலேயே மாடம் விட்டு, வெளிப்பக்கம் சிறு துளை வைத்துத் தேனீ வளர்ப்பார்கள். குளிருக்கு முன் தேனீக்களுக்குப் பெரிய துணை இந்தப் பூக்கள்தான். பனிக்காலம் வந்ததும் தேனீக்கள் சுவருக்குள் ஒன்றோடொன்று நெருக்கிக் கொத்தாகத் திரண்டு, சேர்த்த தேனை உண்டு, சிறகுத் தசைகளை அதிரவைத்துச் சூடு காக்கும்.

போக நினைப்பவர்கள் காத்கோதாம் வரை ரயிலில் போய் அல்மோரா வழியாக மலையேறலாம். சிகரங்கள் மட்டும் போதுமென்றால் ஐப்பசி பிறந்ததுமே போகலாம். பய்யா பூத்திருப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் வரை பொறுங்கள். விடியற்காலைக் குளிருக்கு நல்ல கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆசனத்துக்கும் ஆகும்.