மறைவிட நோயும் மறைக்கக் கூடாத கேள்வியும்



அலீ (ரலி) அவர்களுக்கு மதீ எனும் இச்சைநீர் அடிக்கடி வெளிப்பட்டது. அண்ணலாரின் மகளாரை மணந்திருந்தமையால் நேரில் கேட்க நாணி, மிக்தாத் (ரலி) அவர்கள் வாயிலாக விளக்கம் பெற்றார்கள். உறுப்பைக் கழுவி உளூச் செய்தால் போதும் என்பதே நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு. அவர்கள் வெட்கப்பட்டார்கள், ஆனால் கேட்காமல் இருந்துவிடவில்லை. நம்மவரோ மாதக்கணக்கில் சொறிந்துகொண்டு, மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்!

மதீ நோயன்று, நிறமற்று, வழவழப்பாக, இச்சை எழும்போது வருவது. இச்சையின்றிக் கசியும் நீரும் சீழும் வேறு.

பூஞ்சையின் முதல் அடையாளம் அரிப்பு. தொடையிடுக்கில் வளையமாகப் படர்ந்து, ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்திருந்தால் பெரும்பாலும் அது படர்தாமரை. விதைப்பையை அது பொதுவாகத் தீண்டுவதில்லை. உறுப்பின் நுனியில் சிவந்த புள்ளிகளும் தயிர்போன்ற வெண்படிவும் தோன்றினால் கேண்டிடா எனும் பூஞ்சையாக இருக்கலாம். கத்னா செய்தவர்களுக்கு இது குறைவு. ஆயினும் திரும்பத் திரும்ப வருமாயின் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பது அவசியம்.

பாக்டீரியாவிலோ வலியும் சீழுமே முந்தி நிற்கும். மறைவிட முடியை மழித்தபின் மயிர்க்கால்தோறும் சீழ்க்கொப்புளம் எழுவது இவ்வகை. சிறுநீர்த் துவாரத்திலிருந்து மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ் வடிந்து எரிந்தால் கொனோரியாவாக இருக்கலாம். கிளமிடியா பலருக்கு அறிகுறியே காட்டாது. இதற்காக, எரிச்சல் என்றவுடன் ஒருவர்மீது பழி எண்ணிவிடாதீர்கள். சாதாரணச் சிறுநீர்ப்பாதைத் தொற்றிலும் எரிச்சல் உண்டு. விதையில் திடீர் வலி எழுந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

கண்ணும் ஏமாறும். எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியா நோய் தொடையிடுக்கில் பழுப்புத் திட்டாகப் படிந்து, படர்தாமரை போலவே தோன்றும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். துவாரத் தொற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை பூஞ்சையைக் கொல்லாது. சில வேளை கேண்டிடாவை வளர்க்கவும் செய்யும். ஸ்டீராய்டு கலந்த களிம்போ அரிப்பை அடக்கி, படர்தாமரையை உள்ளூரப் பரவ விடும். கொனோரியா, கிளமிடியா உறுதியானால் மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை. இருவரும் குணமாகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

நோயால் ஓயாது கசிவு உள்ளவர் தொழுகையை விட வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தபின் இடத்தைக் கழுவி, துணி வைத்துக் கட்டி, புதிதாக உளூச் செய்து தொழலாம்.