தோள் ஆறட்டும், துப்பாக்கி காத்திருக்கும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சாலையிலோ கழுகுமலை சாலையிலோ விடியுமுன் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இருட்டோடு இருட்டாகப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மானாவாரிக் காட்டையும் ஐப்பசி மழையையும் மட்டும் நம்பி இனிப் பிழைக்க முடியாது என்று முடிவுகட்டிய வீடுகளின் பிள்ளைகள். ஒன்று காக்கி, இல்லாவிட்டால் பட்டாளம். ஓட்டம் முடிந்தால் கயிறு, கயிறு முடிந்தால் பார். முட்டி வலிக்கிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று ஒருவருக்கொருவர் தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். தோள் வலியை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. ராணுவ ஆள்சேர்ப்பில் பார் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஒன்பதோடு நின்றால் 33. அந்த ஏழு மதிப்பெண்ணுக்காக உடம்பை உதறி, தோளை முறுக்கிக்கொண்டு பத்தாவது தடவை மேலே போகிறார்கள். வேலை கிடைத்து, பேரூரணி பயிற்சிப் பள்ளிக்கோ வடக்கே ஒரு ரெஜிமெண்ட் மையத்துக்கோ போன பிறகு, ஏற்கெனவே நைந்துபோன அந்தத் தோளில்தான் துப்பாக்கி ஏறுகிறது.

துப்பாக்கியின் உதை எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பழைய .303 ரைபிளின் குண்டு 11 கிராம் சொச்சம். விநாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதன் பின்னாலேயே மருந்து வாயுவும் பீறிடுகிறது. இரண்டுக்கும் ஈடாக, 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. இன்சாஸ் ரைபிளில் குண்டு 4 கிராம்தான் என்பதால் உதையின் ஆற்றல் .303-இல் கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. என்சிசி மாணவர்கள் சுடும் .22 ரைபிளில் உதை இருப்பதே தெரியாது. பொல்லாதது பன்னிரண்டு போர் துப்பாக்கி. 30 கிராமுக்குக் குறையாத சன்னங்களை 3 கிலோ சொச்ச எடையுள்ள துப்பாக்கி தள்ளுவதால், .303-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உதைக்கும். வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினர் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் இந்த அடியை நல்ல தோள் தாங்கிக்கொள்ளும். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகமான 'பட்', காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக இருக்கும் சதைப்பற்றான குழியில் உட்கார வேண்டும். கொஞ்சம் மேலே போனால் காறை எலும்பில் இடிக்கும். வெளியே நழுவினால் மேல்கை கன்றிப்போகும். பட்டைத் தோளோடு இழுத்து அணைத்துப் பிடிக்க வேண்டும். இடைவெளி விட்டால், துப்பாக்கி அந்த இடைவெளிக்குள் வேகமெடுத்து வந்து குத்தும். புதுப் பையன்களுக்கு முதல் நாள் தோள் நீலம் பாய்வது பெரும்பாலும் இதனால்தான்.

நிலையும் முக்கியம். நின்று சுடும்போது, முன்காலில் எடை போட்டுச் சற்றே முன்சாய்ந்து நின்றால் இடுப்பும் முதுகும் சேர்ந்து பின்னால் அசைந்து கொடுக்கும். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோமே, அதே வேலைதான். படுத்துச் சுடும்போது உடம்பு அசைய வழியில்லை. அத்தனை உதையையும் தோளும் காறை எலும்பும்தான் வாங்க வேண்டும். குறி பார்க்க எளிது என்று முதலில் கற்றுத்தருவது படுத்துச் சுடுவதைத்தான். ஆனால் அடிபட்டு ஆறிவரும் தோளுக்கு அது கடைசியாக வர வேண்டிய நிலை.

அடிபட்ட தோள் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். காறை எலும்பு முறிந்தால், எலும்பு கூட ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். மேல்கை எலும்பின் தலையைக் குழியோடு பிடித்து வைத்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களில் கிழிசல் விழுந்து தையல் போட்டிருந்தால், முதல் நான்கிலிருந்து ஆறு வாரம் கை தொட்டிலில்தான் கிடக்க வேண்டும். நாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று மாதமாவது ஆகும். பழைய வேலைக்குத் திரும்ப ஆறு மாதம்கூட ஆகலாம். வலி இதற்கெல்லாம் முன்பே போய்விடுகிறது. அதுதான் ஆளை ஏமாற்றுவது. வலி நின்றதும் தோள் ஆறிவிட்டது என்று நினைத்து ரேஞ்சுக்குப் போகிறார்கள்.

உதை மட்டும்தான் பகை என்று நினைத்துவிடக் கூடாது. 2006-இல் உலகச் சாம்பியனான அபினவ் பிந்த்ராவால், அதே ஆண்டு முதுகுக் காயத்தால் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியவில்லை. அவர் சுட்டது ஏர் ரைபிள். அதில் சொல்லும்படியான உதையே கிடையாது. ஆனால் ஐந்து கிலோவை மணிக்கணக்கில் ஒரே நிலையில் தாங்குவது உதையைவிடக் கொடிய சுமை. அவர் பொறுத்திருந்து திரும்பி வந்து, 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். அதனால் ஆறிவரும் தோள் முதலில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கப் பழக வேண்டும், உதை வாங்குவது அப்புறம்தான். வலக்கைக்காரருக்கு இடத்தோளில் காயம் என்றால் உதை அங்கே நேரடியாக விழாது. ஆனால் பேரலைத் தாங்கி நீட்டிய கை அந்தத் தோளில்தானே தொங்குகிறது?

மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சரி என்று சொன்ன பிறகு, நான் பரிந்துரைப்பது இந்த வரிசை. கை வலியில்லாமல் தலைக்கு மேல் போக வேண்டும். தரையில் தண்டால் எடுக்குமுன் சுவரில் கைவைத்துத் தள்ளத் தெரிய வேண்டும். பிறகு தோட்டா இல்லாமல் டிரை பிராக்டிஸ். அதுவும் முதலில் மேஜையில் மணல்மூட்டை வைத்து, துப்பாக்கியின் எடையை மூட்டையில் இறக்கிவிட்டு. அடுத்து .22. அதன் பிறகு இன்சாஸ், ஒரு நாளைக்கு ஐந்து ரவுண்டு போதும். மறுநாள் காலையில் சட்டை போடும்போது தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஐந்து. பன்னிரண்டு போரும் .303-உம் கடைசியில். ரப்பர் பேட் உதையைக் கொஞ்சம் பரப்பிவிடும், உள்ளே கிழிந்ததை ஒட்டவைக்காது.

இன்னொன்றையும் விடக் கூடாது. வலிக்கும் என்று தெரிந்த தோள், குதிரையை அழுத்தும் முன்பே தானாகச் சுருங்கும். கண் மூடும், பேரல் கீழே இறங்கும், குறி தப்பும். காயம் ஆறிய பிறகும் இந்தப் பயம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. அதைப் போக்க டிரை பிராக்டிஸைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுதோளுக்கு மாற்றிச் சுடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஹங்கேரியின் கரோலி தகாச்சின் வலக்கை 1938-இல் கையெறி குண்டில் சிதைந்தது. இடக்கையால் பிஸ்டல் சுடக் கற்று, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆனால் ரைபிளில் சிக்கல் உண்டு. .303-இன் போல்ட் வலப்பக்கம். இன்சாஸும் எஸ்எல்ஆரும் காலித் தோட்டாவை வலப்பக்கம் எறியும், இடத்தோளில் வைத்துச் சுடுகிறவரின் முகத்துக்கு நேர் முன்னால். குறி பார்க்கும் கண்ணும் மாற வேண்டும். நிதானமாகப் பழகினால் முடியும். பரீட்சைக்கு முந்தின வாரம் மாற்றினால் முடியாது.

வங்கிக் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டியவர்கள், பலருக்கு சர்க்கரை உண்டு. தோள் இறுகிப்போகும் நோய் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகமாக வருகிறது, இளக ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். அந்த நிலையில் பன்னிரண்டு போரைத் தூக்கிச் சுட்டுக்காட்டச் சொல்வது நியாயமில்லை.

அடிபட்டு அடிபட்டுத்தான் தோள் உரமாகும் என்று சொல்லும் பழைய உஸ்தாதுகள் இருக்கிறார்கள். நல்ல தோளுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு.

என்னை உறுத்துவது வேறு. கயிற்றிலிருந்து விழுந்தோ பாரில் தொங்கியோ 'கை இறங்கிப்போச்சு' என்று வந்து நிற்கும் பையன்கள். கூட ஓடுகிற சிநேகிதன் இழுத்துவிடுகிறான், எண்ணெய் தடவிக் கட்டு போடுகிறார்கள், அடுத்த வாரம் மறுபடி கயிறு. மூட்டு முதல் தடவை விலகும்போதே குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் பெரும்பாலும் கிழிந்துவிடுகிறது. கண்மண் தெரியாமல் இழுத்தால் எலும்பு உடையலாம், கையைத் தூக்கும் நரம்பு அடிபடலாம். இருபது வயதுக்கு உள்பட்டவர்களுக்கு ஒருமுறை விலகிய தோள் மறுபடி விலகும் வாய்ப்பு மற்ற எல்லா வயதினரையும்விட அதிகம். திரும்பத் திரும்பத் தோள் இறங்கிய வரலாறு இருந்தால், அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் ராணுவ மருத்துவத் தகுதி கிடையாது. அந்த விதிக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் முதல் தடவைக்குச் சரியான மருத்துவம் கிடைக்காமல் போகிறது, இரண்டாவதும் மூன்றாவதும் வந்து சேர்கின்றன. எந்த விதிக்குப் பயந்தார்களோ அதிலேயே போய் மாட்டுகிறார்கள்.

மறைத்தே உள்ளே போய்விட்டால் இன்னும் மோசம். தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு ரேஞ்சில் நிற்கும்போது தோள் இறங்கினால், பேரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் சொல்ல முடியும்? அங்கே ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவனுக்கும்தான்.

இதே ஊரில் ஹாக்கி விடுதிப் பிள்ளைக்கு அடிபட்டால் கேட்க ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். சாலையில் ஓடுகிற பையனுக்கு அப்படி யாரும் இல்லை. காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ அவர்களைப் பழக்கும் அண்ணன்மார்களே, கயிற்றைத் தொடுமுன் ஒவ்வொருவனிடமும் தனியாகக் கேளுங்கள்: "எப்பவாச்சும் தோள் இறங்கியிருக்காடா?" ஆமாம் என்று சொன்னால் திட்டாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள், எலும்பு மருத்துவரைப் பார்க்க வையுங்கள். துப்பாக்கி சுடும் வேலைக்குப் போகிற பையன் என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.