விரியன் கடித்தால் பாரிசவாதம் வருவது ஏன்?

மன்னார் பெருநிலப்பரப்பில், காட்டின் நடுவே இருக்கிறது மடு மாதா திருத்தலம். ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குப் போகிறவர்கள், பாம்புக்கடிக்கு நல்லதென்று கோயில் மண்ணை முடிந்து கொண்டுவருவது பழைய வழக்கம். பாம்புப் பயம் வீண்பயமல்ல. இலங்கையின் உலர் வலயத்தில் கண்ணாடி விரியன் பரவலாக வாழ்கிறது.

அதன் நஞ்சு இரத்தத்தை உறைய வைக்குமா, உறையவிடாமல் செய்யுமா? இரண்டையும் செய்யும்.

நஞ்சிலுள்ள நொதியங்கள், உறைதலுக்கான 5ஆம், 10ஆம் காரணிகளை ஒரேயடியாக முடுக்கிவிடுகின்றன. குருதிக்குழாய்களில் நுண்கட்டிகள் உருவாகி, உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகிறது. இதைக் கண்டறிய வைத்தியசாலையில் ஒரு கண்ணாடிக் குழாய் போதும். உலர்ந்த, சுத்தமான குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரிப்பார்கள். கட்டியாகாமல் வழிந்தால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள்.

இப்படி உறையாத இரத்தம் மூளைக்குள் கசிந்தால் ஒருவகைப் பாரிசவாதம். மூளைக் குழாயைக் கட்டி அடைத்தால் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு ஆளான இலங்கை நோயாளிகளைப் பற்றி இந்திக கவரம்மன குழுவினர் 2009இல் ஆய்விதழில் எழுதினார்கள். எந்த வகை என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். நஞ்சுக்கு மருந்து நஞ்சுமுறி ஊசிதான். கடிவாயைக் கீறுவதும் அஸ்பிரின் கொடுப்பதும் இரத்தப்போக்கைக் கூட்டும்.

இதே நஞ்சு ஆய்வுகூடத்திலும் உதவுகிறது. இளவயதுப் பாரிசவாதத்துக்குக் காரணமாகக்கூடிய 'லூபஸ் அன்டிகோகுலன்ட்' என்ற பிறபொருளெதிரியைக் கண்டறிய, நோயாளியின் குருதித் திரவவிழையத்தில் ஐதாக்கிய விரியன் நஞ்சைச் சேர்த்து, உறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளக்கிறார்கள்.