ஜப்பானியர் நீராடும் முறை

நீராடுதல் உடலழுக்கைப் போக்குதற்கே என்பது நம்மனோர் கருத்து. ஜப்பானியர் வழக்கமோ வேறு. அவர் முதற்கண் தொட்டிக்குப் புறத்தே சிறு முக்காலியில் அமர்ந்து, சவுக்காரந் தேய்த்து உடலை நன்கு கழுவிக்கொள்வர். பின்னரே, ஏறக்குறைய 40 பாகை வெப்பமுள்ள நீர் நிறைந்த ஆழ்ந்த தொட்டியினுட் புகுந்து இளைப்பாறுவர். தொட்டியினுள் அழுக்குத் தேய்த்தல் ஆகாது. ஏனெனில், அந்நீர் ஒருவர்க்கே உரியதன்று. இன்றும் பல இல்லங்களில் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக அதிலேயே மூழ்குவர். விருந்தினர் இருப்பின், முதலுரிமை அவர்க்கே. வெளியேறுவோர் நீரை வடித்துவிடாது, சூடு தணியாவண்ணம் தொட்டியை மூடிவைப்பர். முன்பின் அறியாதார் கூடும் 'செந்தோ' என்னும் பொது நீராட்டகங்களிலும், கழுவிய பின்னரே தொட்டியிற் புகவேண்டுமென்பதே விதி. தூய்மை தன்பொருட்டு மட்டுமன்று, தனக்குப்பின் வருவோர் பொருட்டுமாம் என்பதை அந்நாட்டுச் சிறார் நீராடுமிடத்திலேயே கற்றுக்கொள்ளுகின்றனர்.