மெட்ராஸ் துணி, கொலம்போ குழம்பு, நாகூர் மீரா: கரீபியன் கறுப்பினப் பண்பாட்டில் காரைக்கால் வந்தது எப்படி?

மார்டினிக், குவாதலூப். கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகள். இந்தத் தீவுகளின் சுற்றுலா விளம்பரங்களில் ஒரு படம் அடிக்கடி வரும்: கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய கறுப்பினப் பெண். அந்தத் துணிக்கு அங்கே பெயர் 'மெட்ராஸ்'. விருந்துக்கு 'கொலம்போ', அதாவது மசாலா அரைத்து வைக்கும் கறிக்குழம்பு. 'குழம்பு'தான் கொலம்போ ஆனது என்பவர்கள் உண்டு, இலங்கைத் தலைநகரின் பெயர் என்பவர்களும் உண்டு. சாப்பிடும் நம்ம ஆட்கள் முதல் கட்சியில்தான் சேருவார்கள்.

துணி 18-ம் நூற்றாண்டிலேயே வணிகக் கப்பலில் போய்விட்டது. ஆட்கள் போனது பிறகு.

ஏன் போனார்கள்?

பிரான்ஸ் தன் காலனிகளில் 1848-ல் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான கறுப்பின மக்கள் பலருக்குக் கரும்புத் தோட்டத்தில் பழைய முதலாளியிடமே மறுபடி கைகட்டி நிற்க மனமில்லை. வேலைக்கு வந்தவர்களும் நியாயமான கூலி கேட்டார்கள். முதலாளிகள் கண்ட வழி, இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகள். 1853-ல் புதுச்சேரியில் கிளம்பிய 'ஒரேலி' கப்பல் மார்டினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் காரைக்காலில் இருந்தும் ஆள் ஏற்றினார்கள். மார்டினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேர். தமிழர்கள் இதில் கணிசம்.

கறுப்பின மக்கள் இவர்களை எப்படிப் பார்த்தார்கள்? கூலியைக் குறைக்க வந்தவர்களாக. கோபம் முதலாளி மேல் போகவேண்டியது, பக்கத்து வரப்பில் கரும்பு வெட்டியவன் மேல் போனது. 'கூலி' என்பது வசைச்சொல் ஆனது. சட்டமும் இவர்களைக் குடிமக்களாக ஏற்கவில்லை. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் இதற்காக 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் ஜெயித்தது.

'கறுப்பு' என்றால் யார்?

1930-களில் பாரிஸில் படித்த மார்டினிக்கின் எமே செசேர், செனகலின் செங்கோர் போன்றவர்கள் 'நெக்ரிட்யூட்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். வசையாக இருந்த 'கறுப்பு' என்ற சொல்லைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். வேர் ஆப்பிரிக்கா என்றார்கள். செசேர் பிறந்த பாஸ்-புவான்த், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் ஊர் என்பதையும் சொல்லவேண்டும்.

1989-ல் அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் மூன்று பேர் இதை மாற்றிப் பேசினார்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா எல்லாம் கலந்த 'கிரியோல்' நாங்கள் என்றார்கள். மொரீஷியஸ் கவிஞர் கல் தொராபுல்லி 1992-ல் 'கூலிட்யூட்' என்ற சொல்லையே கொண்டுவந்தார். செசேர் செய்த அதே வேலைதான், இந்த முறை 'கூலி' என்ற வசைக்கு.

எல்லோருக்கும் இதில் சம்மதமில்லை. விலைக்கு வாங்கப்பட்ட அடிமையும், பெயருக்காவது ஒப்பந்தம் வைத்திருந்த கூலியும் ஒன்றா என்ற கேள்வி வருகிறது. ஒன்றில்லைதான். ஆனால் தோட்டம் ஒன்று, முதலாளியும் ஒருவரே.

கோயிலில் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு. காரைக்கால் தலத்தெருவில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய நாகூரின் தர்கா ஆண்டவர், மார்டினிக்கில் 'நாகூர்மிரா'. மாரியம்மனோடு அங்கே அவருக்கும் வழிபாடு நடக்கிறது. வேண்டுதலோடு கறுப்பின மக்களும் வருகிறார்கள். அந்தச் சடங்குக்குக் கிரியோல் மொழியில் பெயர் 'போந்யே கூலி', அதாவது கூலிச் சாமி.