கட்டிக்கும் ஊசிக்கும் நடுவே

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மேமோகிராம். அக்டோபர் பிறந்தால் இளஞ்சிவப்பு நாடாக்களும் சலுகை விலைப் பரிசோதனை விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. அந்தக் கருவியின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் இன்று அதிக உயிர்களைக் காக்கக்கூடியது வேறொன்று என்பதே இந்த வாரத்தின் வாதம். மார்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு பெண் உணரும் நாளுக்கும், ஊசிப் பரிசோதனையின் முடிவு அவள் கைக்கு வரும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் காலம் கரைகிறது. அதைச் சுருக்குவதுதான் நமக்கு முதல் வேலை.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு உலக அளவில் 23 லட்சம் பேருக்கு நோய், 6 லட்சத்து 70 ஆயிரம் இறப்பு. உலகக் கணக்கில் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, நம் கணக்கில் பாதி. தாமதமாக வருவதும், தொடங்கிய சிகிச்சையை முடிக்க முடியாமல் போவதுமே இதற்கு முக்கியக் காரணங்கள். தாமதத்தின் விலை என்ன என்பதற்கும் ஆதாரம் உண்டு. 87 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1999-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அறிகுறி தெரிந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம், விரைந்து வந்தவர்களைவிட 12 சதவீதம் குறைவு என்றது அது. மூன்று மாதம் என்பது ஒரு வீட்டில் எவ்வளவு எளிதாகக் கடந்துவிடும்! பிள்ளைக்குப் பரீட்சை, நாத்தனார் கல்யாணம், நடவு வேலை என்று தள்ளிப்போட்டாலே ஓடிவிடும்.

அப்படியானால் கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நோயாளிகளில் கணிசமானோர் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். நம் மக்கள்தொகையே இளமையானது என்பதும் அதற்கு ஒரு காரணம். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றில் மற்றொன்று மறைந்துவிடும். கருவியும் படம் பார்க்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவரும் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். நூறில் ஒருவரைக்கூட எட்டாத இடத்தில், மிக விலை உயர்ந்த கருவியிலிருந்து தொடங்குவது சரியான வரிசையாகாது.

கையால் பார்ப்பது பயன் தருமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயதுப் பெண்கள் ஒன்றரை லட்சம் பேரை அது இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் (இவர்கள் மருத்துவர்கள் அல்லர்) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள் கையால் பரிசோதித்தார்கள். 2021-இல் முடிவுகள் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட குழுவில் மூன்றாம், நான்காம் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 37 சதவீதம். மற்றக் குழுவில் 47 சதவீதம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ் அந்தப் பலன் தெரியவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் அல்ல. இதை மறைக்கக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்க்கும் பரிசோதனை இளம் பெண்களுக்குப் போதவில்லை என்றால், அவர்கள் தாங்களாகவே ஒரு மாற்றத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போது அதை உடனே விசாரிப்பது இன்னும் முக்கியமாகிறது.

இங்கே ஷாங்காய் ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே நெசவாலைப் பெண்கள் 2,66,000 பேரில் பாதிப் பேருக்கு சுயபரிசோதனை முறை கற்றுத்தரப்பட்டது. நினைவூட்டல்களும் மேற்பார்வையும் உண்டு. பத்தாண்டுக்குப் பின் பயிற்சி பெற்றவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் 135, பெறாதவர்களில் 131. புற்றுநோய் அல்லாத கட்டிகள் மட்டும் பயிற்சிக் குழுவில் மிக அதிகமாகக் கண்டறியப்பட்டன. மாதந்தோறும் சடங்குபோல் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உயிரைக் காக்காது என்று இந்த ஆய்வு காட்டியது. நான் அதை ஏற்கிறேன். ஆனால் தன் உடலின் இயல்பை அறிந்திருப்பதும், மாறினால் காத்திருக்காமல் காட்டுவதும் வேறு விஷயம். ஷாங்காய்ப் பெண்களுக்கு ஆலையிலேயே மருத்துவப் பணியாளர்கள் இருந்தார்கள். நம் கிராமத்துப் பெண்ணுக்கோ பேருந்துக் காசும், துணைக்கு வர ஒரு ஆளும், ஒரு நாள் கூலியும் வேண்டும்.

மாற்றம் என்பது எப்படி இருக்கும்? பெரும்பாலும் வலிக்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வலி இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போகிறவர்கள், வலிக்காத கட்டியை விட்டுவிடுகிறார்கள். ஊறப்போடாத கொண்டைக்கடலை தோலுக்கடியில் இருப்பதுபோல் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், விரலுக்கு நழுவாமல் நிற்கும் கட்டியை நம்பக் கூடாது. உள்ளே தாங்கும் நார்களைக் கட்டி இழுப்பதால் தோலில் குழி விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அது நன்றாகத் தெரியும். புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து தானாகக் கசியும் ரத்தம், களிம்புக்கு ஆறாத காம்புப் புண், அக்குளில் நெறி, தடித்துச் சிவந்த தோல் எல்லாம் காட்ட வேண்டியவையே. தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு "பால் கட்டியிருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனால் குழந்தைக்கோ பாலுக்கோ எந்தக் கேடும் இல்லை.

இப்படிச் சொன்னால் எல்லோரும் பயந்துவிட மாட்டார்களா? பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல; அதைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். சந்தேகம் தீர வழி மூன்று: மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கைக்குக் கட்டி தெரியும்போது மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவது தவறு. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. அந்த இடத்தை மரக்கச் செய்து, ஸ்கேனைப் பார்த்தபடி ஊசியை விட்டு, நூலிழை அளவு திசு எடுப்பார்கள். சில நிமிட வேலை. ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் அந்த இழையிலேயே தெரிந்துவிடும்; எந்த மருந்து, முதலில் அறுவையா கீமோவா என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகிறது. கேடு விளைவிப்பது, ஊசிப் பரிசோதனை இல்லாமலே கட்டியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பிவிடுவதுதான். அது புற்றுநோய் என்று பின்னால் தெரிந்தால், அந்தப் பெண் மறுபடியும் அறுவைக்குப் படுக்க வேண்டியிருக்கும்.

பெண்களின் அறியாமையை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. தைரியமாக வந்தவளையே நாலு இடத்துக்கு அலையவிடுகிறோம்: ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், நோய்க்குறியியல் முடிவுக்குப் பல நாட்கள். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சையை மனதில் வைத்தே வகுக்கப்பட்டவை. அதற்கு முந்தைய பரிசோதனைச் செலவில் பல குடும்பங்கள் திணறுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, பெண் முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. எத்தனை முகாம், எத்தனை பேருக்குப் பரிசோதனை என்று நம் சுகாதாரத் துறைகள் கணக்குச் சொல்கின்றன. அதனுடன், கட்டியோடு வந்த பெண்ணுக்கு ஊசிப் பரிசோதனை முடிவு எத்தனை நாளில் கிடைத்தது என்பதையும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 60 நாளைத் தாண்டிய மாவட்டம் எது, அங்கே தேவை ஸ்கேன் கருவியா நோய்க்குறியியல் நிபுணரா என்பது அப்போது தெரிந்துவிடும்.